இரண்டாவது முத்திரையின் விலை: பர்கான் ஒயின் ஆலை, 2018

2018 ஜூன் கடைசியில் இஸ்ரேலின் பொது ஒலிபரப்பு நிறுவனமான கான் ஒரு செய்தியை வெளியிட்டது. நாட்டின் மிகப் பெரிய ஒயின் ஆலைகளில் ஒன்றான பர்கான், எத்தியோப்பிய வம்சாவளி யூதத் தொழிலாளர்களை ஒயினோடு தொடர்புள்ள வேலைகளிலிருந்து எடுத்து வேறு வேலைகளுக்கு மாற்றியிருக்கிறது என்பதுதான் அது. அவர்கள் வேலையில் தவறு செய்ததாக யாரும் சொல்லவில்லை. ஆலை தன் சரக்குக்கு, மிகக் கண்டிப்பான யூத மத அமைப்பான ஏதா ஹரேதித்தின் கோஷர் முத்திரையை, அதாவது யூத உணவுச் சட்டப்படி ஏற்கத்தக்கது என்ற சான்றை, பெற முயன்றுகொண்டிருந்தது. அந்த முத்திரையைத் தருபவர்களுக்கு இந்தத் தொழிலாளர்கள் உண்மையிலேயே யூதர்கள்தானா என்பதில் சந்தேகம். சந்தேகத்துக்கு உரியவர் கை பட்ட ஒயினுக்கு அவர்கள் முத்திரை கிடையாது.

செய்தி வந்ததும் நாடே கொதித்தது. இதைக் கேட்கும் வெளியாட்கள் பொதுவாக இரண்டு விதமாகப் பேசுவார்கள். ‘மதச் சட்டம் அப்படி, என்ன செய்வது’ என்பது ஒன்று, ‘சட்டமே நிறவெறிதான்’ என்பது இன்னொன்று. இரண்டுமே சட்டத்தைத் திறந்து பார்க்காமல் சொல்வது. திறந்து பார்த்தால், அந்தத் தொழிலாளர்களை அதே இடத்தில் வைத்திருக்க அதற்குள்ளேயே தாராளமாக வழி இருந்தது தெரியும். அந்த வழியை ஏன் யாரும் எடுக்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

முதலில் சட்டம். கோஷர் என்றதும் பன்றி கூடாது, இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்பவைதான் நினைவுக்கு வரும். அவை எதைத் தின்பது என்பதைப் பற்றியவை. அவற்றுக்குப் பக்கத்திலேயே, பொருள் எல்லாமே கோஷராக இருந்தாலும் ஆக்கியது யார் என்று கேட்கிற இன்னொரு தொகுதி இருக்கிறது. யூதர் அல்லாதவர் சுட்ட ரொட்டி, சமைத்த உணவு, யூதர் பார்க்காமல் கறந்த பால், அவர்கள் எண்ணெய், அவர்கள் ஒயின் என்று யூதச் சட்டத்தின் பழைய தொகுப்பான மிஷ்னா காலத்திலிருந்தே ஒரு பட்டியல் உண்டு. எல்லாம் ரப்பிகள் (யூத மத அறிஞர்கள்) விதித்த தடைகள், மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் நேரடிக் கட்டளைகள் அல்ல. சிலைக்குப் படைத்த ஒயின் மட்டும் வேறு கணக்கு, அது அடிப்படையிலேயே தடைசெய்யப்பட்டது.

சமையலுக்கு ஏன் தடை? கூடி உண்டால் நெருக்கம் வரும், நெருக்கம் வந்தால் கல்யாணம் வரை போகும் என்பது பெரும்பாலான உரையாசிரியர்கள் சொல்லும் காரணம். விலக்கப்பட்ட பொருள் எதையாவது தெரியாமல் கலந்துவிடக்கூடும் என்ற அச்சத்தையும் இடைக்கால உரையாசிரியர் ராஷி சொல்கிறார். நம் வாசகருக்குத் தீட்டு நினைவுக்கு வரலாம். சட்டநூல்கள் தரும் காரணம் அது இல்லை. சமைத்தவரின் உடல் அசுத்தம் என்று இந்தத் தடை சொல்வதில்லை, உறவுக்கு வேலி கட்டப் பார்க்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆறுதல் என்பது வேறு கேள்வி.

காரணம் உறவு என்பதால் விலக்குகளும் அதை ஒட்டியே வந்தன. பச்சையாகத் தின்னக்கூடிய பொருளை யார் வேகவைத்தாலும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் வேகவைத்த பழத்துக்காக யாரும் யாரையும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. அரசர் பந்தியில் வைக்கிற தகுதி இல்லாத உணவுக்கும் தடை இல்லை. டப்பாவில் அடைத்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் அரசர் பந்திக்குப் போகுமா என்று இன்றும் ரப்பிகள் மெனக்கெட்டு வாதாடுகிறார்கள்.

அடுத்து, யூதர் எவ்வளவு கை வைத்தால் அது யூதர் சமையல்? 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் ஷுல்ஹான் ஆரூக் என்ற யூதச் சட்டநூலை எழுதிய யோசெஃப் காரோ கண்டிப்பானவர். உணவை அடுப்பில் ஏற்றுவதிலோ வேகவைப்பதிலோ யூதரின் பங்கு இருக்க வேண்டும், வெறும் தீமூட்டல் போதாது என்றார். போலந்தின் கிராக்கோவில் இருந்த மோஷே இஸர்லெஸ் அதற்கு எழுதிய குறிப்புகளில் தீ மூட்டினாலே போதும் என்றார். எரிகிற அடுப்பில் ஒரு சுள்ளியை எறிந்தாலும் போதும். செஃபார்திகள் (ஸ்பெயின், மத்தியகிழக்கு மரபு யூதர்கள்) காரோ வழி, அஷ்கெனாஸிகள் (நடு, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்கள்) இஸர்லெஸ் வழி. இன்று ஓட்டல் சமையலறையில் காலையில் கோஷர் மேற்பார்வையாளர் வந்து எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போக, பிறகு அரபுச் சமையல்காரர் நாள் முழுக்கச் சமைப்பது அந்தச் சுள்ளியின் பலத்தில்தான்.

அப்படியானால் செஃபார்தி யூதர் அந்த ஓட்டலில் சாப்பிடலாமா? இஸ்ரேலில் செஃபார்திகளின் தலைமை ரப்பியாக இருந்த ஓவாடியா யோசெஃபிடம் இந்தக் கேள்வி வந்தபோது, அங்கே சாப்பிடுபவர் தவறு செய்யவில்லை என்று வழி விட்டார். அவர் வாதம் கவனிக்கத் தக்கது. ஒருவேளை இஸர்லெஸ் சொன்னதே சரியாக இருக்கலாம், அது ஒரு சந்தேகம். யூதருக்குச் சொந்தமான இடத்தில் கூலிக்குச் சமைப்பவருக்கு இந்தத் தடையே பொருந்தாது என்று சொன்ன பழைய அறிஞர்கள் இருக்கிறார்கள், அது இரண்டாவது சந்தேகம். ரப்பிகள் விதித்த தடையில் சந்தேகம் வந்தால் தளர்வின் பக்கம் சாய வேண்டும் என்பது பொதுவிதி. இங்கே இரண்டு சந்தேகம், சாப்பிடு. இந்த வாதமுறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

வீட்டு வேலைக்காரர் சமைத்தால்? இது இடைக்காலத்திலிருந்து வரும் தலைவலி. அனுமதிப்பவரும் உண்டு, நடந்துபோன பிறகுகூட மன்னிக்காதவரும் உண்டு என்று காரோ எழுதிவிட்டார். இஸர்லெஸ் தரும் பதிலைப் படித்தால் சிரிப்பு வரும்: யூதர் வீட்டில் வேலைக்காரி சமைத்தால் வழக்கத்தில் தளர்வாகவே நடக்கிறார்கள், ஏனென்றால் வீட்டார் யாராவது ஒருவர் அடுப்பைக் கொஞ்சம் கிளறாமலா இருப்பார்? கிளறினார் என்பதற்கு சாட்சி தேவையில்லை, கிளறியிருப்பார் என்ற அனுமானமே போதும். இன்று இஸ்ரேலில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் பிலிப்பைன்ஸிலிருந்தும் இலங்கை, இந்தியாவிலிருந்தும் போன பெண்கள் பல வீடுகளில் சமைக்கிறார்கள். அந்தச் சாப்பாடு இறங்குவதற்கு இந்த வரியும் ஒரு காரணம்.

எண்ணெய்த் தடையின் கதை இன்னும் பெரிய தளர்வு. யூதர் அல்லாதவரின் எண்ணெயை ஒரு காலத்தில் பல யூதர்கள் தொடவில்லை, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸே இதைக் குறிப்பிடுகிறார். பிறகு யூதர்களின் தலைவராக இருந்த யெஹூதா நெசியாவின் நீதிமன்றம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. மிஷ்னாவை ஒட்டி ரப்பிகள் நடத்திய விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத் சொல்லும் காரணங்களில் ஒன்று: பெரும்பான்மை மக்களால் தாங்க முடியாத ஆணையை விதிக்கக் கூடாது, அது பரவவும் இல்லை. ஆக, நெளிய வேண்டிய இடத்தில் இந்தச் சட்டத்துக்கு நெளியத் தெரியும்.

ஒயினில்தான் கெடுபிடி அதிகம். யூதர் அல்லாதவர் ஊற்றினாலோ, கையால் தொட்டு அசைத்தாலோ திறந்த ஒயினைக் குடிக்கக் கூடாது. முத்திரையிட்டு மூடிய புட்டி பாதிக்கப்படாது. திராட்சைச் சாறு சக்கையிலிருந்து பிரிந்து ஓடத் தொடங்கும் கணத்திலிருந்தே அது சட்டப்படி ஒயின். அங்கே தொடங்கிப் புட்டிக்குத் தக்கை போடும் வரை ஒவ்வொரு குழாய்க்கும் பம்புக்கும் தொட்டிக்கும் தகுந்த ஆள் வேண்டும். கை நேரே படாமல் விசையை அழுத்தினாலும் அது அவர் செயல்தானே என்ற கேள்வி வருவதால், ஆலைகள் விசையையும் தகுந்தவரிடமே விடுகின்றன.

தகுந்தவர் யார் என்பதில் இன்னொரு திருகல். யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளை வெளிப்படையாக மீறும் யூதரின் கையையும் கண்டிப்பான மரபு ஏற்பதில்லை. அதனால் இஸ்ரேலின் கோஷர் ஒயின் ஆலைகள் பலவற்றில் ஒயினை உருவாக்கும் மதச்சார்பற்ற வல்லுநரே தன் தொட்டியின் குழாயைத் திறக்க முடியாது. பக்கத்தில் தொப்பி வைத்த இளைஞர் ஒருவர் நின்று ருசிபார்க்க எடுத்துக் கொடுப்பார். பல்கலைக்கழகத்தில் படித்து, பிரான்சில் பயிற்சி பெற்று, சொந்த ஒயினுக்குக் கை நீட்டக் கூடாது. பிறப்பில் சந்தேகமே இல்லாத யூதருக்கே இந்த நிலை என்பதை நியாயமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். பர்கான் ஆலையில் நடந்தது அதையும் தாண்டியது. அங்கே ஒருவர் ஓய்வுநாளில் என்ன செய்கிறார் என்று பார்க்கவில்லை, எந்த ஊர் வம்சம் என்று பார்த்தார்கள்.

ஒயினிலும் ஒரு கதவு உண்டு. சமைத்த ஒயினுக்கு இந்தத் தடை கிடையாது. தல்மூத்தில் ஓர் அழகான காட்சி. பாபிலோனிய அறிஞர் ஷ்முயேலும் யூதர் அல்லாத அவரது நண்பர் அவ்லெத்தும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். காய்ச்சிய ஒயின் வருகிறது. தன் கை பட்டால் நண்பருக்கு ஆகாதே என்று அவ்லெத் கையை இழுத்துக்கொள்கிறார். காய்ச்சிய ஒயினுக்கு அந்தக் கவலை வேண்டாம் என்கிறார் ஷ்முயேல். நட்பைத் தடுக்கப் போட்ட வேலியின் மேல் இரண்டு நண்பர்கள் உட்கார்ந்து குடிப்பதைத் தல்மூத் பதிவு செய்து வைத்திருக்கிறது. விருந்துகளில் பரிமாறும் பல கோஷர் ஒயின்கள் இந்த விதிப்படி சில நொடி சூடாக்கப்படுபவை. எவ்வளவு சூடு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை, நவீனப் பாஸ்ச்சர் முறையைச் சமைத்ததாகவே ஏற்காத பெரிய ரப்பிகளும் உண்டு. தரமான ஒயினைச் சூடாக்கினால் மணம் போய்விடும் என்று ஆலைகளும் தயங்குகின்றன. எனவே பர்கானுக்கு இந்தக் கதவு அரைக்கதவுதான்.

சரி, தொழிலாளர் பக்கம் வருவோம். எத்தியோப்பியாவின் கோந்தர் வட்டார மலைகளில் வாழ்ந்த பேத்தா இஸ்ரவேல் மக்கள் தல்மூத்தை அறியாதவர்கள். அவர்களிடம் இருந்தது தோராவும் அதை ஒட்டி வாய்வழியாக வந்த மரபும். அவர்களே சாப்பாட்டில் மகா கண்டிப்பானவர்கள். கிறிஸ்தவ அண்டைவீட்டார் அறுத்த இறைச்சியைத் தொட மாட்டார்கள், அவர்கள் சமைத்ததைத் தின்ன மாட்டார்கள். வெளியாள் மேல் பட்டுவிட்டால் ஆற்றில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். ‘என்னைத் தொடாதே’ என்ற பொருளில் அண்டைவீட்டார் அவர்களுக்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். யார் சமைத்தது, யார் கை பட்டது என்று நூற்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டு வாழ்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இஸ்ரேலில், ஹுல்தா கிப்புட்ஸ் (கூட்டுப்பண்ணை) பக்கத்து ஆலையில், கை வைக்கக் கூடாதவர்கள் ஆனார்கள்.

அவர்கள் யூதர்களா என்ற கேள்விக்குப் பதில் சொன்னவரும் ஓவாடியா யோசெஃப்தான். அது 1973இல். 16ஆம் நூற்றாண்டின் எகிப்திய ரப்பி தாவீது இப்னு ஸிம்ரா, இவர்கள் பழைய இஸ்ரவேலின் கோத்திரங்களில் ஒன்றான தாண் கோத்திரத்தின் வழிவந்தவர்கள் என்று எழுதியிருந்ததை ஆதாரமாகக் கொண்டு, இவர்கள் யூதர்களே, மீட்டு அழைத்து வர வேண்டியவர்கள் என்றார். 1975இல் அரசு, யூதர்களுக்கு இஸ்ரேலில் குடியேறும் உரிமை தரும் நாடு திரும்பும் சட்டத்தை அவர்களுக்குப் பொருத்தியது. 1984 கடைசியில் தொடங்கிய மோசே நடவடிக்கையில் சுமார் 8,000 பேர் சூடான் வழியாக வந்தார்கள். 1991 மே மாதம் சாலமோன் நடவடிக்கையில் ஒன்றரை நாளில் 14,000 பேருக்கு மேல் விமானத்தில் வந்து இறங்கினார்கள்.

வந்தவர்களைச் சந்தேகம் விடவில்லை. மோஷே ஃபைன்ஸ்டைன் போன்ற பெரிய அஷ்கெனாஸி அறிஞர்கள் தீர்ப்பை ஏற்கத் தயங்கினார்கள். எத்தியோப்பிய மணமுறிவுகள் ரப்பி சட்டப்படி நடந்திருக்காதே, நடுவில் கலப்புத் திருமணங்கள் நடந்திருக்குமே என்பவை வாதங்கள். அரசு சார்ந்த மத அமைப்பான தலைமை ரப்பி அமைப்பே, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சடங்கு முழுக்கைக் கேட்டது. 1985 இலையுதிர் காலத்தில் எருசலேமில் அந்த அமைப்பின் அலுவலகத்துக்கு எதிரே எத்தியோப்பிய யூதர்கள் ஒரு மாத அளவில் உட்கார்ந்து போராடினார்கள். 1996இல் இன்னொரு அடி விழுந்தது. அவர்கள் கொடுத்த இரத்தத்தை, நோய்த்தொற்று அச்சத்தைச் சொல்லி, இரத்த வங்கி சத்தமில்லாமல் கொட்டிவந்தது செய்தித்தாளில் வெளியானது. ஆக 2018இல் ‘உங்கள் கை படக் கூடாது’ என்று கேட்டபோது அது அவர்களுக்குப் புதிய வாக்கியம் அல்ல.

இனி முத்திரைக்கு வருவோம். பர்கானின் ஒயின் ஏற்கெனவே கோஷர்தான். இஸ்ரேலில் 1983ஆம் ஆண்டின் கோஷர் மோசடித் தடுப்புச் சட்டப்படி, அப்போது ஒரு சரக்கைக் கோஷர் என்று சொல்லத் தலைமை ரப்பி அமைப்புதான் சான்று தர வேண்டியிருந்தது. அதற்கு மேல், அரசின் கண்டிப்பு போதாது என்று நினைப்பவர்களுக்காகத் தனியார் அமைப்புகளின் முத்திரைகள் இருக்கின்றன. அவற்றில் முதல் வரிசையில் இருப்பது எருசலேமின் ஏதா ஹரேதித். அரசையே அங்கீகரிக்காத, யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற சியோனிசத்துக்கு எதிரான சமூகம் அது. ஓவாடியா யோசெஃபின் தீர்ப்போ தலைமை ரப்பி அமைப்பின் நிலைப்பாடோ அவர்களைக் கட்டாது.

அப்புறம் ஏன் ஓர் ஆலை அவர்கள் வாசலில் போய் நிற்கிறது? காசுதான். அப்போது ஹரேதிகள், அதாவது மிகக் கண்டிப்பான மரபுவழி யூதர்கள், நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 12 விழுக்காடு. ஒவ்வொரு ஓய்வுநாளும் ஒயினில் தொடங்குகிறது, ஒயினில் முடிகிறது. பஸ்கா இரவில் ஆளுக்கு நான்கு கோப்பை. இந்தச் சந்தைக்குள் நுழைய அரசு முத்திரை போதாது. இன்னொன்றும் உண்டு: கண்டிப்பான முத்திரையைத் தளர்வானவர்களும் வாங்குவார்கள், தளர்வான முத்திரையைக் கண்டிப்பானவர்கள் வாங்க மாட்டார்கள். அதனால் வியாபாரக் கணக்கு எப்போதும் கண்டிப்பின் பக்கமே இழுக்கிறது.

எனக்கு இந்த வழக்கின் முடிச்சு இங்கேதான் தெரிகிறது. சந்தேகம் வந்தால் தளர்வின் பக்கம் சாய் என்பது ரப்பிகள் விதித்த தடைகளுக்கான பொதுவிதி, ஒயினைத் தொடும் தடையும் ரப்பிகள் விதித்ததே. ஏதா ஹரேதித் கேட்டது உறுதியான அறிவின் பேரில் அல்ல, சந்தேகத்தின் பேரில். ஓட்டல் சாப்பாட்டுக்கு ஓவாடியா யோசெஃப் பயன்படுத்திய அதே வாதத்தை இங்கே வைக்க எல்லா வசதியும் இருந்தது. பெரிய ரப்பி ஒருவர் யூதர் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார், அந்தத் தீர்ப்பு பிடிக்காவிட்டாலும் மிஞ்சுவது சந்தேகம் மட்டும்தான். ஆனால் இரண்டாவது முத்திரை விற்கும் பொருளே ‘நாங்கள் எந்தத் தளர்விலும் சாயவில்லை’ என்ற உத்தரவாதம். தளர்வை எடுத்தால் விற்க ஒன்றும் இருக்காது. நல்ல நம்பிக்கை உள்ளவர்கள் நடத்தினாலும் அமைப்பு இப்படித்தான் இயங்கும்.

அடுத்த பாதி, யாருக்காகத் தளர்வு தேடுகிறார்கள் என்பது. வேலைக்காரி சமைக்காவிட்டால் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இல்லை, அதனால் கிளறல் அனுமானம் பிறந்தது. எண்ணெய் இல்லாமல் ஊரே திண்டாடியது, தடை போனது. அரபுச் சமையல்காரர் இல்லாமல் ஓட்டல் ஓடாது, சுள்ளி காப்பாற்றியது. ஒவ்வொரு முறையும் தின்பவரின் தேவைதான் அறிஞரை அலமாரியிலிருந்து பழைய நூலை எடுக்க வைத்தது. பர்கானில் தேவை தொழிலாளருடையது. அவரை வேறு பிரிவுக்கு மாற்றினால் ஒயின் குடிப்பவருக்கு ஒரு கோப்பைகூடக் குறையாது. அதனால் நூலை எடுக்க ஆள் வரவில்லை.

செய்தி வெளியான பிறகு ஆள் வந்தார். செஃபார்திகளின் தலைமை ரப்பி யிட்ஸ்ஹாக் யோசெஃப், இந்தக் கோரிக்கைக்கு நிறவெறியைத் தவிர வேறு விளக்கம் இல்லை என்று கடுமையாகக் கண்டித்தார், எத்தியோப்பியர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்றார். இவர் ஓவாடியா யோசெஃபின் மகன், தந்தையின் தீர்ப்பைக் காப்பது வீட்டுக் கடமையும்கூட. அதே ஆண்டு மார்ச்சில், ஒரு வகுப்பில் கறுப்பினத்தவரைக் குரங்கோடு ஒப்பிட்டுப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவரும் இவர்தான் (தல்மூத் உதாரணத்தைச் சொன்னதாக அவர் தரப்பு விளக்கியது). எனவே இதை நல்லவர், கெட்டவர் கதையாக எழுத முடியாது. மகன் காத்தது தந்தையின் தீர்ப்பையும் தன் அலுவலகத்தின் அதிகாரத்தையும். ஏதா ஹரேதித் சந்தேகப்பட்டது தொழிலாளரை மட்டுமல்ல, அவர்களை யூதர் என்று சொன்ன தீர்ப்பையும் சேர்த்துத்தான்.

அரசியல்வாதிகளும் பேசினார்கள், புறக்கணிப்புக் குரல்கள் எழுந்தன. சில நாட்களுக்குள்ளேயே நிறுவனம் பின்வாங்கி, தொழிலாளர்களைப் பழைய வேலைகளுக்கே திருப்பி எடுப்பதாக அறிவித்தது. நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லாமலே இது நடந்தது. ஹரேதிச் சந்தையின் கணக்கை மற்றவர் சந்தையின் கணக்கு தோற்கடித்தது, அவ்வளவுதான். தொழிலாளருக்கு இது வெற்றியா என்றால், வேலையிடம் திரும்பியது வரை வெற்றி.

இதில் நிறுவனத்தின் பொறுப்பு பற்றி அதிகம் பேசப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கோபம் முழுக்க ரப்பிகள் மேல் போனது. தனியார் அமைப்பு எதையும் கேட்கலாம். வேலைவாய்ப்பில் இனத்தையும் மதத்தையும் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் இஸ்ரேலில் இருக்கிறது, அது கட்டுவது முதலாளியை. ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பவர்தான் இந்த வேலைக்கு என்று எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைத்தால் வேலையின் தன்மை அப்படி என்று வாதாட முடியும். ஒரு வம்சத்தாரை மட்டும் எடுத்து நகர்த்தினால் அந்த வாதம் நிற்காது. ஆலையின் சட்ட ஆலோசகர் யாராவது இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

தலைமை ரப்பி அமைப்பின் மன்றம் 2019 நவம்பரில் ஒரு காரியம் செய்தது. ஓவாடியா யோசெஃபின் 1973 தீர்ப்பைத் தன் அதிகாரபூர்வ நிலைப்பாடாக ஏற்றது. 46 ஆண்டுகள் கழித்து, அதுவும் சத்தமில்லாமல். 2020 ஜனவரியில்தான் செய்தி வெளியே வந்தது. முதல் முத்திரையைப் பொறுத்தவரை கேள்வி அத்தோடு மூடியாயிற்று. இரண்டாவது முத்திரைக்கு அந்த முடிவு பொருந்தாது. அதை யாருக்கு, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதை ஏதா ஹரேதித்தே முடிவு செய்யும். வேண்டுமா என்பதை ஒவ்வொரு ஆலையும் தனித்தனியாக முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.